நேர்ந்த சேவலும் ஐந்து படுக்கைகளும்

நான் படுக்கிற கோரைப்பாய் ஓரம் பிய்ந்து, நடுவில் என் முதுகு அளவுக்குப் பள்ளம் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. டாக்டர் கட்டிலில் படுக்கச் சொன்னார்; கட்டில் வந்தது, அதன் மேல் அதே பாய் ஏறியது. "இன்னும் ஒரு வருஷம் தாங்கும்ங்க" என்றாள் என் மனைவி. அதே வீட்டில் ஒரு சேவலுக்கு ஆறு மாதத்தில் ஐந்து படுக்கை மாற்றினோம். அந்த ஐந்தையும் சுமந்து வந்ததும், கொட்டியதும், வாரியதும், கழுவியதும் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நான். சேவலுக்கு அலுங்கக் கூடாது. எனக்கு அலுங்கலாம்.

சும்மா சேவல் என்றால் நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அது என் உயிருக்கு ஈடாக நேர்ந்து விட்ட சேவல்.

முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். பாதிக் காலம் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஓடியது. அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லறை கொடுத்தபோது ஒன்றும் ஆகாத நெஞ்சு, ரிட்டையர் ஆன அடுத்த கார்த்திகையில், நைனார்பாளையம் கடைத்தெருவில் நின்று வாழைப்பழம் வாங்கும்போது அடைத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் போட்டு சேலத்துக்குக் கொண்டு போனார்கள். ஆத்தூரைத் தாண்டும்போது என் கண் சொருகியதாம். பக்கத்தில் இருந்த என் மனைவி அந்த இடத்தில், அதே கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே இருக்கிற எங்கள் குலதெய்வம் மலைக்காளிக்கு வேண்டிக்கொண்டாள்.

டாக்டர்தான் காப்பாற்றினார் என்று பிறகு சொல்லிப் பார்த்தேன்.

"டாக்டருக்குக் கைய யாரு குடுத்தா?" என்றாள். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

வேண்டுதலின் விவரத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எனக்குச் சொல்லிவிட்டாள். "வூட்லயே பொரிஞ்ச சேவலா இருக்கணும். கொண்டையில வெட்டு, கால்ல புண்ணு, ஒரு ஊனமும் இருக்கக் கூடாது. வர்ற ஆடியில கொண்டாந்து வுட்டுடறேன்னு சொல்லிக்கீறேன். அது நல்லபடியா போய்ச் சேந்தாத்தான் நீங்க நல்லா இருப்பீங்க."

ஒரு ஊனமும் இல்லாத உயிரைக் கேட்கிற தெய்வம், இரண்டு அடைப்போடு கிடந்த என்னை எதற்குத் திருப்பிக் கொடுத்தது என்று கேட்கலாம்தான். கேட்டால் அழுவாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் தும்மினால்கூட என் நெஞ்சைத்தான் பார்ப்பாள்.

மார்கழியில் எங்கள் கோழி குஞ்சு பொரித்தது. அதில் செங்கருப்பாய் ஒன்று சேவல் என்று தெரிந்ததும், அதன் காலில் மஞ்சள் நூல் கட்டி, மலை இருக்கிற திசையைப் பார்த்து "இதுதான் தாயே" என்று காட்டிவிட்டாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் முடிவு இவ்வளவு சீக்கிரம் எடுக்கப்படவில்லை.

அதுவரை எங்கள் கோழிகள் கொல்லைப்புறத்தில் கூடை கவிழ்த்து அதற்குள் அடைந்தவை. அதில் ஒரு கோழிக்கும் கால் வலித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் உயிருக்கு ஈடான சேவலைக் கூடைக்குள் வைக்க முடியுமா? கீரி வரும், பெருச்சாளி தோண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டு, கம்பி வலை, தகரக் கூரை எல்லாம் வைத்து, தரைக்கு சிமெண்டும் போட்டு ஒரு கூண்டு கட்டினேன். சிமெண்டு போட்டது என் யோசனை. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான்தான். அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சிமெண்டுத் தரையில் என்ன பரப்புவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் கோணி போட்டேன். ரேஷன் கடைக் கோணி ஒன்றை நாலாக மடித்து விரித்தேன். மெத்தென்று இருந்தது, எனக்கே படுக்கலாம் போல இருந்தது. மூன்றாம் நாள் கோணி நூலில் நகம் மாட்டி, ஒற்றைக்காலை இழுத்துக்கொண்டு சேவல் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். என் மனைவி நூலைக் கத்தரித்து எடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோணி போனது.

அடுத்து என் மச்சான் வந்தான். என் மனைவிக்குத் தம்பி, கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறவன். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் செல்போனில் கோழிப்பண்ணை வீடியோ பார்த்து அரை டாக்டர் ஆகிவிட்டிருந்தான்.

"மாமா, கரும்புச் சக்கை போடு. வெளிநாட்டுல எல்லாம் அதான் போட்டுக்கினு இருக்கான். ஈரத்த அப்டியே உறிஞ்சிடும்."

வெளிநாட்டுக்காரன் போடுகிறான் என்றால் மறுபேச்சு ஏது? வெல்லம் காய்ச்சுகிற கொட்டாயிலிருந்து இரண்டு மூட்டை கொண்டுவந்து இறக்கினான். மேலே காய்ந்திருந்தது; உள்ளே பிசுபிசுவென்று இருந்தது. இரண்டு நாளில் புளித்த வாடை அடித்தது. மூன்றாம் நாள் எறும்பு வந்தது. கொஞ்ச நஞ்சமல்ல, நைனார்பாளையத்து எறும்பெல்லாம் குடும்பத்தோடு வந்தன. சேவல் ஒரு காலை மாற்றி ஒரு காலை உதறிக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்கு மேளம் மட்டும்தான் இல்லை. சர்க்கரை இருக்கிற இடத்துக்கு எறும்பு வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் கரும்பு இழுக்கிறவனுக்கும், முப்பது வருஷம் ஊருக்கே புத்தி சொன்ன கண்டக்டருக்கும் தெரியவில்லை.

"இன்னாடா வெளிநாடு, உன் மூஞ்சி" என்று அவனைத் திட்டிவிட்டு என் மனைவி தன் யோசனையைச் சொன்னாள். சின்னசேலம் பக்கம் சவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பேர். காயவைத்து மாட்டுக்குப் போடுவார்கள். பஞ்சு மாதிரி இருக்கும், காலில் குத்தாது என்றாள். எனக்கு உள்ளூர சந்தோஷம். மூன்றாவது தப்பு என் தலையில் விழாது பாருங்கள்.

சேவல் அந்தப் படுக்கையைத் தின்றது. காலையில் போட்டதில் பாதி சாயங்காலம் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் எத்தனையோ நோயாளியைப் பார்த்திருக்கிறேன். மெத்தையைத் தின்கிற நோயாளியைப் பார்த்ததில்லை. தின்றது சும்மா இருக்குமா? வயிறு கெட்டு, தண்ணீராகப் போய், கூண்டு முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் நாலு நாள் நின்றதில் உள்ளங்கால் சிவந்துவிட்டது. "மாடு திங்கும்னு தெரியும், கோழி திங்கும்னு யாரு கண்டா?" என்றாள். நான் சேற்றை வாரப் போனேன். வீட்டில் அமைதி முக்கியம்.

நாலாவது, மறுபடியும் என் யோசனை. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மிஷினில் உடைத்துப் பருப்பு எடுத்த பிறகு தோல் மலைபோலக் கிடக்கும். நன்றாகக் காய்ந்திருக்கும், எறும்பு வராது, தின்னவும் முடியாது. மூன்று தப்பையும் ஒரே அடியில் திருத்திவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு ஒரு சாக்கு கொண்டுவந்து கொட்டினேன். உடைந்த தோலின் முனை ஊசி மாதிரி இருக்கும் என்பதும், ஏற்கெனவே ஊறிச் சிவந்த கால் அதைத் தாங்காது என்பதும் அந்த மாரில் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் சேவல் நொண்டியது. தூக்கிப் பார்த்தால் வலது உள்ளங்காலில் கட்டி. அதன் நடுவில் கருப்பாய் ஒரு பொருக்கு.

என் மனைவி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "புண்ணு வந்துட்டுதுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவள் சேவலின் காலைப் பார்க்கவில்லை, என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

"அக்கா, அதே ஈட்டுல இன்னொரு சேவல் இருக்குதுல்ல, அத மாத்திக் குடுத்துடலாம்" என்றான் மச்சான்.

"காட்டிட்டு ஆள மாத்துவியா? அவ இன்னா கண்ணு தெரியாதவளா?" என்று எரிந்து விழுந்தாள்.

அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. சேவலை மடியில் வைத்துக் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "கீழே என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். நான் கோணியிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். மல்லாட்டைத் தோல் வரும்போது அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

"நெல் உமி போடுங்க சார். சலிச்சு, தூசி போக்கி, நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்க. தினமும் காலையில கிளறி விடுங்க. ஈரமான இடத்தை மட்டும் வாரிட்டுப் புதுசா போடுங்க. காலை மஞ்சத் தண்ணியில கழுவி, நான் குடுக்குற களிம்பைப் போடுங்க. ராஜா மாதிரி ஆயிடுவான்." பிறகு ஆசையாகக் கேட்டார்: "செல்லமா வளக்குறீங்களா?"

என் மனைவி என் தொடையில் கிள்ளினாள். "ஆமாங்கம்மா" என்றேன்.

உமியா! ஊரில் மூலைக்கு மூலை நெல் விளைகிறது, நாங்கள் சின்னசேலம் வரைக்கும் அலைந்திருக்கிறோம். ஆனால் உமியும் சும்மா கிடைக்கவில்லை. பெரிய மில்லில் எல்லாம் பாய்லருக்கு எரித்துவிடுகிறார்கள். கடைசியில் எங்கள் ஊரிலேயே ஒரு சின்ன மில்லில் சொல்லி வைத்து வாங்கினேன். முறத்தில் போட்டுப் புடைத்து, சல்லடையில் சலித்துப் பரப்பினேன். சேவல் ஏறி நின்றது, குனிந்து ஒரு கொத்து கொத்திப் பார்த்தது, தின்பதற்கில்லை என்று தெரிந்ததும் பொத்தென்று உட்கார்ந்தது. அப்பாடா!

அன்றிலிருந்து காலையில் என் வேலை அதுதான். உமியைக் கிளறுவேன், ஈரத்தை வாருவேன். பிறகு சேவலைத் தூக்கிக் காலை மஞ்சள் தண்ணீரில் கழுவுவேன். எவ்வளவு சலித்தாலும் உமித் தூசி இறகில் ஒட்டிக்கொண்டு சேவல் சாம்பல் பூசிய சாமியார் மாதிரி நிற்கும். பார்க்கச் சகிக்காமல் மிச்சத் தண்ணீரை அதன் தலையோடு ஊற்றிவிடுவேன். முதல் வாரம் இறக்கையை அடித்து என் சட்டையெல்லாம் நனைத்தது. பிறகு பழகிவிட்டது. சொம்பை எடுத்தாலே கண்ணை மூடிக்கொண்டு, வலது காலை எடுத்து நீட்டும். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே சில்லறை எடுத்து வைத்துக்கொள்கிற பயணி மாதிரி. அப்படிப் பயணி எனக்கு முப்பது வருஷத்தில் கிடைக்கவே இல்லை.

ஆனி முடிவதற்குள் கட்டி வற்றி, பொருக்கு உதிர்ந்து, புதுத்தோல் வந்துவிட்டது. எது வலது, எது இடது என்று கண்டுபிடிக்க முடியாது. என் மனைவி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆடி இரண்டாம் வெள்ளி, நான், என் மனைவி, மச்சான், சேவல், நாலு பேரும் மலை பஸ் ஏறினோம். கோழி வைத்திருக்கிறவர்களைப் பின்பக்கம் போகச் சொல்லி எத்தனை பேரை நான் விரட்டியிருக்கிறேன்! அன்றைக்கு ஒரு சின்னப் பையன் கண்டக்டர் என்னைப் பின்பக்கம் போகச் சொன்னான். போனேன். கரியாலூரில் இறங்கி, சாமைக் காட்டு வழியாக ஒரு மணி நேரம் ஏறினோம். நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். நாலு இடத்திலும் அவள் முகம் வெளுத்தது.

மரத்தடியில் ஒரு கல், அதற்குச் சிவப்புப் பாவாடை. பூசாரி மலைக்காரர், அறுபது வயசிருக்கும். சேவலை வாங்கிக் கொண்டையைப் பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், காலைத் திருப்பிப் பார்த்தார். "சுத்தமான சேவலு. நல்லா வளத்துக்கீறீங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் வழக்கத்தில், வெட்டுவதற்கு முன்னால் சேவல் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும். உதறினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டக் கூடாது.

பூசாரி சொம்பை எடுத்துத் தலையில் ஊற்றினார்.

சேவல் கண்ணை மூடிக்கொண்டது. வலது காலை எடுத்து நீட்டியது.

பூசாரி இன்னொரு சொம்பு ஊற்றினார். சேவல் சுகமாகக் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது. மூன்றாவது சொம்புக்கு, இவருக்குக் கழுவத் தெரியவில்லையே என்பது போல இன்னும் கொஞ்சம் காலை நீட்டியது.

"தாயி உத்தரவு குடுக்கலியே" என்றார் பூசாரி.

என் மனைவி கல்லுக்கு முன்னால் விழுந்துவிட்டாள். "ஒரு கொறையும் வைக்கலியே தாயே! நான் இன்னா தப்பு பண்ணேன்? அவர எடுத்துக்காதே தாயே!" என்று மண்ணில் தலையை முட்டினாள். சாமி, பூதம் என்று எதையும் நம்பாதவன் நான். அந்தக் குரலைக் கேட்டு, அந்தச் சேவலைப் பார்த்து, "சிலுப்புடா, டேய், ஒரு தடவ சிலுப்பேண்டா" என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். அது என் குரலைக் கேட்டதும் என் பக்கம் திரும்பிக் காலை நீட்டியது.

மச்சான் குனிந்து சேவலின் காதருகே வாயைக் கொண்டுபோனான். "ஒரு ஊது ஊதினா சிலுப்பிடும்க்கா..."

என் மனைவி எழுந்து வந்து பளாரென்று ஒன்று விட்டாள். "அவளையே ஏமாத்துவியாடா?"

நான்தான் உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா காலைக் கழுவச் சொன்னார், நான் தினமும் தலைக்கும் ஊற்றியதால் பழகிவிட்டது என்று. பூசாரி என்னைப் பார்த்து, "கால கழுவச் சொன்னா தலைக்கு ஏன்யா ஊத்தின?" என்றார். அடுத்த ஆடிக்குக் கொண்டுவரச் சொல்லி, விபூதி கொடுத்தார்.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பயந்து பயந்து கேட்டாள். "அதுவரைக்கும் இவருக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?"

"இன்னாம்மா நீ" என்றார் பூசாரி. "அவளுக்குச் சேர வேண்டியது சேராம, கொண்டாந்து குடுக்க வேண்டிய ஆள எப்டி எடுப்பா? பாக்கி இருக்கிற வரைக்கும் வுட்டுத்தான் வைப்பா."

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. நான் அத்தோடு மறந்துவிட்டேன். அவள் பஸ்ஸில் ஊர் வரும்வரை சேவலை மடியிலிருந்து இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டுவதை நிறுத்தினேன். கால் ஆறிவிட்டது, இனிக் கழுவ அவசியமில்லை என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். உமியை மட்டும் கிளறிவிட்டு, ஒரு மணி நேரம் நடக்கப் போய்விடுவேன். இப்படியே மாதங்கள் போயின. வருகிற ஆடியில் ஒரு துளி பட்டாலே உதறும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வைகாசியில் ஒரு நாள், நடக்கப் போனவன் மழை தூறியதால் பாதியில் திரும்பிவிட்டேன். கொல்லைப்புறக் கதவு திறந்திருந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் என் மனைவி குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் சேவல், மறு கையில் சொம்பு. சேவல் கண்ணை மூடியிருந்தது.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். "உமித் தூசிங்க" என்றாள்.

முந்தின நாள்தான் உமி மாற்றியிருந்தேன். இரண்டு தரம் சலித்தது. தூசியாவது, மண்ணாவது.

உதறினால் வேண்டுதல் முடிந்துவிடும். முடிந்தால் அம்மனுக்கு என்னை விட்டுவைக்க ஒரு காரணமும் இருக்காது. பாக்கி இருக்க வேண்டும் என்பதற்காக, தம்பி காதில் ஊதப் போனதற்கே அறைந்தவள், அம்மனையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தலைக்கு ஊத்தினியா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சேவலைத் துடைத்தாள்.

"தெனமும் தலைக்குத்தாங்க ஊத்தறேன்" என்றாள். "மலையிலேர்ந்து வந்த மறுநாள்லேர்ந்து."